மெய்யும் மெய்ந்நிகரும்

மெய் என்னும் சொல்லுக்கு உண்மை என்றும் உடல் என்றும் பொருள் உண்டு. ஆண்டுதோறும் வகுப்பறையில் இதனைச் சொல்லிக் கடந்துசெல்லும் நாம், அவ்விரு பொருளும் ஒன்றையொன்று பிரிந்து நின்ற நிலையை நம் இல்லத்திலேயே ஒருமுறை கண்டோம். கண்டும் அறியாது போனோம்.

நம் தாய்மாமன் 1988ஆம் ஆண்டில் சர்க்கரை நோயால் வலக்காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். புண் ஆறிய பின்னரும் இரவில் அவருக்கு உறக்கமில்லை. "மாப்பிள்ளை, பெருவிரல் மடங்கிக் கெடக்கு. கொஞ்சம் நிமித்தி விடேன்" என்பார். இல்லாத விரலை எங்ஙனம் நிமிர்த்துவது? முதலில் இரங்கினோம்; பின்னர்ச் சலித்தோம். ஒருநாள், "இல்லாத காலுக்கு ஏது மாமா வலி?" என்று சிரித்தும் விட்டோம். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். 1999இல் மறையும்வரை அவ்வலியைப் பற்றி அவர் மீண்டும் வாய்திறக்கவில்லை. வலி தீர்ந்தது என நாமும் எண்ணிக்கொண்டோம்.

ஆண்டுகள் பல கழிந்தன. இயன்முறை மருத்துவராய்ப் பணியாற்றும் நம் பழைய மாணவர் ஒருவர், தம் பணியிடத்தைக் காண அழைத்தார். அங்கே ஒரு கால் இழந்த தச்சர் ஒருவர் அமர்ந்திருந்தார். அவருடைய இரு கால்களுக்கும் இடையே நெடிய கண்ணாடி ஒன்றை நிறுத்தியிருந்தனர். இருக்கும் காலின் உருவம் கண்ணாடியில் விழுந்து, இழந்த கால் இருக்கவேண்டிய இடத்தில் தோன்றிற்று. அவர் விரல்களை மெல்ல மடக்கி விரித்தார். கண்ணாடிக்குள் 'மறுகாலும்' விரிந்தது. சிறிது நேரத்தில், "விரிஞ்சிருச்சு சார்" என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. நம் நெஞ்சமோ மாமனின் கட்டிலருகே சென்று நின்றது.

அதன்பின்னரே இதுபற்றித் தேடிக் கற்றோம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் உறுப்பிழந்த வீரர்களுக்கு மருத்துவம் செய்த சைலஸ் வெயர் மிட்செல் என்பார், 1871இலேயே இதற்குப் 'பேயுறுப்பு' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டியிருந்தார். உறுப்பு அகன்றாலும் மூளையில் அதன் வரைபடம் அழிவதில்லை. 'அசை' என்னும் ஆணை செல்கிறது. 'அசைந்தேன்' என்னும் மறுமொழி வருவதில்லை. இம்முரணே வலியாகிறது என்பர் ஒருசாரார். வேறு விளக்கங்களும் உள.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வி. எஸ். இராமச்சந்திரன், அம்மறுமொழியைக் கண்ணின் வழியே தரலாமே எனக் கருதினார். 1996இல் வெளியான அவர்தம் ஆய்வில் கையிழந்தோர் 10 பேர் பங்கேற்றனர். இல்லாத கை இறுக மூடிக்கொண்டு நோவதாகக் கூறிய 5 பேரில் 4 பேருக்குக் கண்ணாடியால் அவ்விறுக்கம் தளர்ந்தது. மரப்பெட்டியும் கண்ணாடியுமே கருவி. அதற்கு அவர் இட்ட பெயர் 'மெய்ந்நிகர்ப் பெட்டி' என்பது ஈண்டு எண்ணத்தக்கது. காலிழந்தோர்க்கும் இம்முறை உதவுவதை 2007இல் அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனை ஆய்வொன்று காட்டியது.

இன்று கண்ணாடியின் இடத்தில் கணினி வந்துள்ளது. சுவீடன் நாட்டில் மேக்ஸ் ஓர்டிஸ் கட்டலான் குழுவினர், எஞ்சிய கைத்தசையின் மின்னலைகளைக் கணினிக்குக் கற்பித்தனர். நோயாளி இல்லாத கையை அசைக்க முயல்கிறார். திரையில் அவர்தம் உருவத்தின்மேல் பொருத்தப்பட்ட மாயக்கை அசைகிறது. இதுவே மிகைமெய்ம்மை. வேறு சிகிச்சைகளுக்கு வசப்படாத 14 பேருக்கு 12 அமர்வுகளில் வலி கணிசமாய்க் குறைந்ததென 2016இல் அறிவித்தனர். ஒப்பிட வேறு குழு இல்லாத ஆய்வு அது என்பதையும் மறத்தலாகாது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஹன்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் ஆகியோர் தீப்புண் நோயாளிகளுக்கெனப் 'பனியுலகம்' ஒன்றைப் படைத்தனர். புண்ணைத் துடைக்கையில் நோயாளி முகக்கருவி அணிந்து பனிப்பள்ளத்தாக்கில் பறந்து, பென்குவின்கள்மீது பனியுருண்டை வீசுகிறார். கவனம் பனியில் ஆழ, நெருப்பின் நோவு தணிகிறது.

இவை எல்லார்க்கும் பயன்தரும் என்று கூறுவதற்கில்லை. முகக்கருவியால் தலைசுற்றல் கொள்வோர் உளர். விலையும் எளியோர்க்கு எட்டுவதன்று. ஆயினும், இக்கருவிகள் அனைத்தும் ஒரு நம்பிக்கையிலிருந்தே பிறந்தன என்பது நம் துணிபு. நோயாளி சொல்லும் வலி மெய் என ஒருவர் முதலில் ஏற்றுக்கொண்டார். பின்னரே பெட்டியும் கணினியும் வந்தன. நாம் ஏற்க மறுத்தது அதனையே.

மாணவச் செல்வங்களே! உங்களுள் சிலர் மருத்துவமனைப் பணிக்குச் செல்லலாம். எல்லாரும் ஒருநாள் ஒரு நோயாளியின் கட்டிலருகே அமர்வீர்கள். அவர் சொல்வது உங்கள் கண்ணுக்குப் புலப்படாது போகலாம். அப்போது சிரித்து விடாதீர்கள்.

நம் மாமன் படுத்திருந்த அறையில், அவர் கட்டிலுக்கு எதிரே, பாட்டனார் காலத்து நிலைக்கண்ணாடி ஒன்று இருந்தது. இன்றும் அது அங்கேயே இருக்கிறது.