சாமியாருக்கும் ஓய்வு உண்டு

75 வயது நிறைந்ததால் ஓய்வு பெறப் போவதாக எங்கள் பங்குச் சாமியார் ஞாயிறு பூசையில் அறிவித்தார். "சாமியாருக்கும் பென்சனா?" என்று பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பால்மரம் வெட்டிய என் தந்தை வேலை முடிந்ததும் லயத்து வீட்டைக் காலி செய்தது நினைவுக்கு வந்தது. இவர் எங்கே போவார்?

விசாரித்தேன். 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத்தின் 538-ஆம் பிரிவு, 75 வயதான பங்குக்குருவைப் பதவி விலகல் கடிதம் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறது. அதை ஏற்பதோ தள்ளி வைப்பதோ ஆயர் பொறுப்பு. விலகியவருக்குத் தகுந்த பராமரிப்பும் இருப்பிடமும் ஆயரே தரவேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. மனத்துக்கு ஆறுதலாக இருந்தது.

அவர் இறக்கி வைப்பது கோயில் கணக்கையும் கட்டட வேலையையும் கூட்டங்களையும்தான், குருத்துவத்தை அல்ல. உடம்பு இடம் கொடுக்கும்வரை பூசை வைக்கலாம். பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ட்டே 2013-இல், 85-ஆவது வயதில், தள்ளாமையைச் சொல்லிப் பதவி விலகினார். 2022-இல் இறக்கும்வரை குருவாகவே இருந்தார்.

ஆனால் சட்டம் வீடு தரும், பேச்சுத்துணை தருமா? நம் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், நம் பெரியவர்களை நல்லடக்கம் செய்தவர், மனைவி மக்கள் இல்லாதவர். பொன்னாடை போர்த்திப் படம் எடுப்பதோடு நம் கடமை தீராது. மாதம் ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். பலகாரம் கொண்டு போங்கள். புதுச் சாமியாரைப் பற்றிய புகாரை மட்டும் கொண்டு போகாதீர்கள்.