மீளும் பறவைகள்

நோர்வே நாட்டின் வடகோடிக்குப் போகிறேன் என்றபோது, அங்கே பனியையன்றி வேறென்ன இருக்கிறது என்று கேட்டவர் பலர். அக்கேள்வியில் நியாயமில்லாமலில்லை. நமது பருத்தித்துறை பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழப் பத்துப் பாகையில் உள்ளது. நோர்வேயின் 'வடமுனை'யோ 71 பாகைக்கும் அப்பாலுள்ளது. ஆயினும், தெற்கிலிருந்து வரும் அத்திலாந்திக் நீரோட்டத்தின் வெப்பத்தால் அங்கே மாரியிலும் கடல் உறைவதில்லை. உறையாத கடலில் மீனுண்டு. மீனுள்ள இடத்திற் பறவையுண்டு, மனிதருமுண்டு.

இதனை நம்மவர் சிலர் முன்னரே அறிந்திருந்தனர். 1980களில் யாழ்ப்பாணத்தை விட்டு நோர்வே சென்ற இளைஞர் பலருக்கு வேலை கொடுத்தவை, வடகோடியிலுள்ள பின்மார்க் பகுதியின் மீன் தொழிற்சாலைகளே. என் தம்பியும் அவர்களுள் ஒருவன். 1987 இற் சென்றவன், இடையில் இருமுறை மட்டுமே ஊர் வந்தான். அவனது அழைப்பை ஏற்று, 2023 யூலையில் நான் சென்றேன். பெற்றோர் விட்டுச் சென்ற வீட்டை என்ன செய்வது, ஓய்வு பெற்றபின் அவன் திரும்புவானா என்ற கேள்வியும் என்னோடு பிரயாணம் செய்தது.

அல்தா என்னும் பட்டினத்திலிருந்து காரிற் புறப்பட்டோம். ஓல்டர்பியோர்ட் என்னுமிடத்திற் பெருந்தெரு பிரிகிறது. அங்கிருந்து வடமுனை வரை 129 கிலோமீற்றர். ஒருபுறம் ஏடுகளை அடுக்கினாற் போன்ற கற்பாறை, மறுபுறம் கடற்கழி. போகப் போக மரங்கள் குட்டையாகிப் பின்னர் மறைந்தே போயின. சாமி இனத்தாரின் துருவ மான்கள் தெருவின் நடுவே நின்று, நம்மூர் மாடுகளைப் போலவே வழிவிட மறுத்தன. மாகெரோயா தீவை அடைவதற்கு, 1999 இல் திறக்கப்பட்ட சுரங்கப் பாதை கடல் மட்டத்துக்குக் கீழே 212 மீற்றர் வரை இறங்கி, ஏறத்தாழ 7 கிலோமீற்றர் செல்கிறது. அதனுட் புகுந்தபோது இரவு பத்து மணி. வெளிவந்தபோதும் வெயில் எறித்தது. மே மாத நடுப்பகுதி முதல் யூலை இறுதி வரை அங்கே சூரியன் மறைவதில்லை.

அத்தீவின் துறைமுகப் பட்டினம் ஹொனிங்ஸ்வோக். 1944 இல் பின்வாங்கிச் சென்ற ஜேர்மன் படையினர் பின்மார்க்கின் ஊர்களை எரித்தபோது, இங்கே எஞ்சியது வெண்ணிறத் தேவாலயம் ஒன்றே. துரத்தப்பட்ட மக்கள் திரும்பி வந்து, முதலில் அத்தேவாலயத்திலே தங்கி, ஊரை மீண்டும் கட்டினார்கள். தம்பி அதன் வாசலிற் காரை நிறுத்தினான். ஆனால், ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

மறுநாட் காலை யெஸ்வார் என்னும் மீனவர் கிராமத்திலிருந்து படகேறினோம். கரைக்கு அப்பால் நிற்கும் ஸ்தப்பன் தீவுகள் பறவைகளின் காப்பிடமாகும். படகு அணுகியபோது முதலில் எட்டியது மணம். அடுத்து, சந்தை இரைச்சல் போன்ற பேரொலி. அதன் பின்னரே பறவைகள் கண்ணுக்குத் தெரிந்தன. நோர்வேயினர் 'லுண்டே' என அழைக்கும் பஃபின் பறவைகள் கடலெங்கும் மிதந்தன. அரைக் கிலோ அளவே நிறையுடைய பறவை. கரிய முதுகு, வெள்ளை வயிறு, செம்மஞ்சட் கால்கள், திருவிழாவுக்குத் தீட்டியது போன்ற வர்ண அலகு. தலைக்குமேல் வெண்வாற் கடற்கழுகு ஒன்று வட்டமிட்டதும், பாறையிலிருந்த கூட்டம் முழுவதும் மழைபோற் கடலில் இறங்கிற்று.

பஃபின் மாரிகாலம் முழுவதையும் ஆழ்கடலிலே கழிக்கிறது. ஆணும் பெண்ணும் அக்காலத்திற் பிரிந்தே திரியும். வசந்தத்தில் இரண்டும் பெரும்பாலும் சென்ற ஆண்டின் அதே மண்வளைக்கு மீளும். ஆண்டுக்கு ஒரு முட்டை, ஒரு குஞ்சு. அதற்காகத் தாயும் தந்தையும் நீரில் மூழ்கி, சிறு மீன்களை அலகிலே வரிசையாகக் கவ்வி வரும்.

அச்சிறு மீன் இல்லாவிட்டால் என்னாகும் என்பதற்குத் தெற்கே லோபோதன் தீவுகளின் கோடியிலுள்ள றோஸ்ற் சான்று. 1960களில் மனிதர் அளவின்றிப் பிடித்ததால், அந்த தசாப்தத்தின் இறுதியில் ஹெறிங் மீனினம் ஏறக்குறைய அற்றுப்போயிற்று. அதன் பின்னர் ஆண்டாண்டாக, றோஸ்ற் வளைகளிற் குஞ்சுகள் பட்டினியால் இறந்தன. 1979 இல் ஏறத்தாழ 14 இலட்சம் சோடிகள் இருந்த அங்கே இன்று அதில் மூன்றிலொரு பங்குமில்லை. ஹெறிங் பிற்காலத்தில் ஓரளவு மீண்டபோதிலும், கடலின் வெப்ப மாற்றமும் சேர்ந்து பறவைகளை வாட்டுகிறது. 2021 இன் நோர்வேச் செம்பட்டியலில் பஃபின் பேராபத்திலுள்ள இனங்களுள் ஒன்று.

இவற்றைப் படகோட்டி சொல்ல, தம்பி தமிழாக்கிக்கொண்டு வந்தான். திடீரென நிறுத்தி, "அண்ணை, றோஸ்றிலை பாறையும் இருக்குது, வளையும் இருக்குது. குஞ்சுக்குக் குடுக்க மீன்தான் இல்லை" என்றான். வீட்டைப் பற்றி நான் இன்னும் வாய்திறக்கவில்லை. எனினும், அது எனக்குரிய மறுமொழி என்று விளங்கிற்று. அவனுடைய பிள்ளைகள் வளர்ந்ததும், அவர்களுக்குச் சோறு கிடைத்ததும் இந்தக் குளிர்ந்த கடலாலேதான்.

புறப்பட்டவர்களைத் 'திரும்பி வாருங்கள்' என அழைப்பது எளிது. வீட்டுத் திறப்பைப் பத்திரமாக வைத்திருப்பதும் எளிதே. வருவோரின் பிள்ளைகளுக்கு அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பதே அரிது. மனிதர் மனம் வைத்தாற் குறையைத் திருத்தலாம் என்பதற்கும் அக்கடலிலே சாட்சியுண்டு. தலைக்குப் பணம் கொடுத்து வேட்டையாடப்பட்ட வெண்வாற் கழுகு, 1968 இற் சட்டம் காத்தபின் மீண்டும் பெருகிற்று. பாறையை யாரும் காக்கவேண்டியதில்லை. அது தானே நிற்கும். காக்கவேண்டியது, அதனடியில் ஓடும் அந்தச் சிறு மீனையே.