மலைச் சரிவும் ஒடிந்த வில்லும்

மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பத்தாருக்குப் போர்காட் என்னும் மலைப்பாதை புதியதன்று. ஊருக்குச் செல்லும் ரயில் கர்ஜத் நிலையத்தில் நிற்பதும், பின்புறம் கூடுதல் எஞ்சின்கள் வந்து சேர்வதும், குகை குகையாகக் கடந்து லோனாவாலாவை அடைவதும் நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஆயினும் ரயிலின் சாளரத்திலிருந்து காணும் மலை வேறு. பாரம் ஏற்றிய லாரியின் முன்னிருக்கையிலிருந்து காணும் மலை வேறு. இரண்டாவதைக் காணும் வாய்ப்பு 2024 ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டி எனக்குக் கிட்டியது.

சஹ்யாத்ரி என்று மராட்டியர் கூறும் மலைத்தொடர், கொங்கணக் கடற்கரையையும் தக்காண மேட்டு நிலத்தையும் மதில்போலப் பிரித்து நிற்கிறது. அம்மதிலின் வாயில்களுள் ஒன்று போர்காட். முன்னாளில் பொதிமாடுகளே இவ்வழியாகச் சரக்குச் சுமந்தன. பம்பாய் ஆளுநராக ஸர் ஜான் மால்கம் இருந்த காலத்தில், 1830 இல், சக்கர வண்டிகள் செல்லத்தக்க சாலை திறக்கப்பெற்றது. 1863 இல் ரயில் பாதை மலை ஏறியது. அதன் செங்குத்தான பகுதியில் 37 அடிக்கு ஓரடி ஏற்றம். 2002 இல் மும்பை–புனே விரைவுச் சாலை முழுமையாகத் திறக்கப்பெற்றது. பழைய சாலையின் ஓரத்தில் சிங்ரோபா என்னும் இடையருக்கு ஒரு கோயில் உண்டு. வழி தேடித் தவித்த ஆங்கிலேயருக்கு மலையின் தடத்தைக் காட்டியவர் அவரே என்றும், பின்னர் அவர்கள் கையாலேயே அவர் மாண்டார் என்றும் அவ்வட்டாரத்தார் சொல்லுவர். ஓட்டுநர்கள் அங்கே வணங்கிச் செல்வது வழக்கம்.

சாலை எத்தனை அகலமானாலும் மலையின் உயரம் குறைந்துவிடவில்லை. லோனாவாலா கடல் மட்டத்துக்குச் சுமார் 2,000 அடி மேலே இருக்கிறது. மும்பையை நோக்கி வரும் லாரி, அவ்வுயரத்தின் பெரும்பகுதியைச் சில கிலோமீட்டருக்குள் இறங்கித் தீர்த்தாக வேண்டும்.

நம் சங்க இல்லங்களுக்குப் பொங்கல் பொருள்களை வாங்கி, உடன் வந்து சேர்ப்பிக்கும் பொறுப்பு எனக்கு அளிக்கப்பட்டிருந்தது. செங்கரும்பு, மஞ்சள் கொத்து, வாழைத்தார், தேங்காய், வைக்கோலில் பொதிந்த மண்பானை ஆகியவற்றைச் சேலத்தில் ஏற்றிக்கொண்டு, ஒசூர், பெங்களூரு, ஹுப்பள்ளி, பெலகாவி, கோலாப்பூர், சதாரா வழியாக ஜனவரி 13 ஆம் நாள் பிற்பகலில் புனேயைக் கடந்தோம். ஓட்டுநர் சங்ககிரிப் பக்கத்தவர்; ஐம்பது வயதைத் தாண்டியவர்; அதிகம் பேசாதவர். அன்றிரவே சரக்கை இறக்கி, மறுநாள் போகியன்று வீடுவீடாகப் பங்கிடுவதாக ஏற்பாடு.

காம்ஷேத் என்னும் ஊரைத் தாண்டியபின், சாலையில் இருந்த பள்ளம் ஒன்றில் பின்சக்கரம் இறங்கி ஏறியது. வேட்டு வெடித்தாற்போல ஓர் ஓசை கேட்டது. வண்டி இடப்பக்கமாகச் சற்றுச் சாய்ந்தது. ஓட்டுநர் ஓரங்கட்டி நிறுத்தினார். கீழே குனிந்து பார்த்துவிட்டு, "மெயின் பட்டை போயிடுச்சுங்க" என்றார்.

லாரியின் பாரத்தைத் தாங்குவது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகளாலாகிய வில். எல்லாவற்றினும் நீளமானது மெயின் பட்டை. அதன் இரு முனைகளும் வளையமாகச் சுருட்டப்பட்டிருக்கும். ஒரு முனையை ஊசி கொண்டு வண்டியின் சட்டத்தில் பிணைத்திருப்பார்கள். மறு முனை, ஷேக்கிள் என்னும் ஊசலாடும் இணைப்பில் தொங்கும். பாரம் அழுத்தும்போது வில் நிமிர்ந்து நீளுமாதலின், அந்நீட்சிக்கு இடங்கொடுப்பதே ஷேக்கிளின் வேலை. அடுக்கின் நடுவே ஒரு போல்ட்டு ஊடுருவி நிற்கும். அதன் இரு புறமும் 'யூ' வடிவப் போல்ட்டுகள் அடுக்கை அச்சோடு இறுகக் கட்டியிருக்கும்.

இதனால் விளங்குவது ஒன்றுண்டு. வில்லானது குலுக்கலைத் தணிப்பதற்கு மட்டும் உரியதன்று. அச்சை அதன் இடத்தில் நிறுத்திவைப்பதும் அதுவே. கீழ்ப்பட்டை ஒன்று ஒடிந்தால் வண்டி தாழும். மெயின் பட்டை ஒடிந்தாலோ, அச்சு ஒரு பக்கமாக நகரக்கூடும். தட்டையான சாலையில் வண்டி சாய்ந்து ஓடும். சரிவில் பிரேக்கை அழுத்தும்போது ஒரு புறமாக இழுத்துச் செல்லும். எங்கள் வண்டியில் இரண்டாம் பட்டை மெயின் பட்டையின் வளையத்தைச் சுற்றி அணைத்திருந்தமையால், அச்சு உடனே விலகவில்லை. அவ்வணைப்பு இத்தகைய ஆபத்துக்கென்றே அமைந்த அரண்.

இதற்குள் கைப்பேசி ஒலிக்கத் தொடங்கியது. சங்கத்து இளைஞர்கள் சரக்கை இறக்கக் காத்திருந்தார்கள். "மெல்ல மெல்ல வந்துவிட இயலாதா?" என்று கேட்டார்கள். லாரியின் உரிமையாளரும் அதையே வேறு சொற்களில் கேட்டார். ஓட்டுநர் இரு தரப்பாருக்கும் ஒரே விடை சொன்னார்: "மலையில வண்டி தானா இறங்கிடுமுங்க. நிறுத்தறதுதானுங்க என் வேலை. இந்தப் பட்டையோட அதுக்கு நான் பொறுப்பேத்துக்க முடியாதுங்க." குரலை உயர்த்தவில்லை, மறுமுறை சொல்லவுமில்லை. நடைக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவர் அவர். தாமதத்தால் அவருக்கும் இழப்புண்டு. ஆயினும் சமதரையில் ஊர்ந்து பட்டறைக்குச் செல்வது ஒன்று, மலைச் சரிவில் இறங்குவது மற்றொன்று என்பதில் அவருக்கு ஐயமே இருக்கவில்லை.

அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே கட்டை கொடுத்து, சங்கிலியால் இறுகக் கட்டி, ஆள் நடக்கும் வேகத்தில் வண்டியைச் செலுத்தினார். கிளீனர் பின்சக்கரத்தைப் பார்த்தபடி பக்கத்தில் நடந்தே வந்தார். லோனாவாலாவுக்கு முன்பாகச் சாலையோரத்தில் இருந்த பட்டறை ஒன்றை அடைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது.

பட்டறைக்காரர் உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்து அங்கே குடியேறியவர். வட இந்தியச் சாலைகளில் இவ்வில்லுக்குப் பெயர் 'கமானி'. கமான் என்பது பாரசீகத்தில் வில். நம் முன்னோரும் வில் பொருத்திய மாட்டுவண்டியை வில்வண்டி என்றே அழைத்தனர். இரு வேறு நாட்டார் ஒரே பொருளைக் கண்டு, ஒரே உவமையால் பெயரிட்டிருப்பதை அவரிடம் கூறினேன். அவர் மகிழ்ந்து தேநீர் வருவித்தார்.

பின்னர் வேலை தொடங்கியது. பாரத்தோடு வண்டியைத் தூக்க அவர் இசையவில்லை. இடப்புறத்துக் கரும்புக் கட்டுகளையும் தேங்காய் மூட்டைகளையும் இறக்கச் சொன்னார். அண்டையிலிருந்த தாபாவின் பணியாளர் இருவர் கேளாமலே கைகொடுத்தனர். ஜாக்கியால் தூக்கிய உடனே, சட்டத்தின் கீழ்ப் பருமனான மரக்கட்டைகளை அடுக்கினார். வெறும் ஜாக்கியை நம்பி வண்டியின் அடியில் எவரும் தலையை நீட்டலாகாது என்பது அப்பட்டறையின் சட்டம். அங்கே வேலை பழகும் சிறுவனுக்கும் அதுவே முதற்பாடமாம். துருப்பிடித்த யூ போல்ட்டுகளைக் கழற்ற, ஸ்பேனரின் பிடியில் நீண்ட குழாயைச் செருகி இருவர் தொங்க வேண்டியிருந்தது.

ஒடிந்த பட்டையை வெளியே எடுத்து, விளக்கின் கீழே காட்டினார். ஒடிந்த முகத்தில் ஒரு பகுதி கறுத்துத் துருவேறியிருந்தது. எஞ்சிய பகுதி புது வெள்ளிபோல் மின்னியது. "மின்னுவது இன்று ஒடிந்தது, கறுத்தது எப்போதோ ஒடிந்தது" என்று இந்தியில் விளக்கினார். பள்ளம் காரணமன்று, அது கடைசித் தட்டு மட்டுமே. அளவுக்கு மீறிய பாரம், தளர்ந்த யூ போல்ட்டு, பட்டைகளுக்கிடையே புகுந்த துரு இவற்றால் மயிரிழை போன்ற விரிசல் விழுகிறது. ஒவ்வொரு குலுக்கலிலும் அது சிறிது வளர்கிறது. மிஞ்சிய எஃகு பாரத்தைத் தாங்கமாட்டாத அன்று, ஒரே நொடியில் முறிகிறது. நடுப் போல்ட்டின் துளையருகே முறிந்திருந்தால், யூ போல்ட்டு தளர்ந்திருந்தது என்று பெரும்பாலும் கொள்ளலாமாம். எங்கள் பட்டை அவ்விடத்திலேதான் முறிந்திருந்தது.

ஒட்டவைத்தால் ஆகாதா என்று வினவினேன். ஆகாது என்றார். வில் எஃகைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மீண்டும் மிதமாகக் காய்ச்சிப் பதப்படுத்துகிறார்கள். வெல்டிங்கின் வெப்பம் பட்ட இடத்தில் அப்பதம் கெட்டுவிடும். ஒட்டிய இடத்தின் அருகிலேயே மறுபடியும் முறியும். ஆகவே புதுப் பட்டைதான் வழி. அகலமும் கனமும் ஒத்த பட்டை ஒன்றைத் தேர்ந்து, பழைய பட்டையின் வளைவோடு பொருத்திப் பார்த்தார். பட்டடைமேல் வைத்து, சம்மட்டியால் அளவாக அடித்து அடித்து வளைவைச் சரிசெய்தார். நெடுநாள் உழைத்துத் தளர்ந்த பட்டைகளுக்கு நடுவே புதியது ஒன்று விறைத்து நின்றால், பாரம் அதன்மேலேயே மிகுதியாக விழும் என்பது அவர் சொன்ன காரணம். நடுப் போல்ட்டும் யூ போல்ட்டுகளும் புதியனவாகவே மாற்றப்பட்டன.

வேலை முடிய நள்ளிரவாயிற்று. அப்போதும் ஓட்டுநர் புறப்படவில்லை. "கண்ணு அசந்தா பட்டை நல்லா இருந்து என்னங்க பயன்?" என்று கூறி உறங்கிவிட்டார். லோனாவாலாவின் தைப் பனி கடுமையானது. கரும்பின்மேல் ஈரச்சாக்கைப் போர்த்திவிட்டு, நானும் தாபாவின் கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டேன்.

விடியற்காலையில் சரக்கை மீண்டும் ஏற்றிப் புறப்பட்டோம். கண்டாலாவைத் தாண்டியதும் பள்ளத்தாக்கு திறந்துகொண்டது. கீழே கொங்கணம் மூடுபனியில் கிடந்தது. ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்பது மலைச்சாலையின் பழைய விதி. எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும். பிரேக்கையே நம்பி அழுத்திக்கொண்டு இறங்கினால், அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். எங்கள் ஓட்டுநர் இடப்புறத் தடத்தை விட்டு விலகவே இல்லை. மற்ற வண்டிகள் ஒலியெழுப்பிக் கடந்து சென்றன. அடிவாரத்தை அடைந்ததும் வண்டியை நிறுத்தி, யூ போல்ட்டுகளை மறுபடி முடுக்கினார். ஒவ்வொன்றும் அரைச் சுற்றுக்குமேல் இறங்கியது. புதிதாகப் பூட்டிய வில், பாரத்தோடு சிறிது தூரம் ஓடிப் படிந்தபின் முடுக்கத் தளர்ச்சி காட்டுவது இயல்பு. அப்போது முடுக்காமல் விட்டால், அடுத்த விரிசலுக்கு அன்றே வித்திட்டதாகும்.

போகியன்று நண்பகலில் சரக்கு வந்து சேர்ந்தது. வைக்கோலில் இருந்த பானைகளுள் மூன்று உடைந்திருந்தன. கரும்புத் தோகை சற்று வாடியிருந்தது. மாலைக்குள் எல்லா இல்லங்களுக்கும் பங்கிட்டாயிற்று.

நம் பண்டிகைப் பொருள்களாயினும், மாற்றலாகி வரும் குடும்பத்தின் தட்டுமுட்டுச் சாமான்களாயினும், லாரியில்தான் வருகின்றன. அனுப்புவோரும் எதிர்பார்ப்போரும் நினைவிற்கொள்ள வேண்டியவை சில. இரண்டே அச்சுள்ள லாரியின் மொத்த எடைக்கான வரம்பு 2018 ஆம் ஆண்டில் 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தப்பட்டது. வரம்பு உயர்ந்ததனால், பழைய வண்டியின் பழைய வில் வலுப்பெற்றுவிடாது. ஆகவே வாடகை மிச்சம் கருதி இன்னும் நான்கு மூட்டை என்று வற்புறுத்தலாகாது. புறப்படுமுன் யூ போல்ட்டுகளைப் பார்த்தாயிற்றா என்று கேட்பது நன்று. பண்டிகைச் சரக்குக்கு ஒருநாள் தவணை வைத்து ஏற்பாடு செய்வது அதனினும் நன்று. ஓட்டுநர் வழியில் நிறுத்திவிட்டார் என்று செய்தி வருமாயின், எப்போது வருவீர் என்று கேட்பதற்கு முன், உணவு கிடைத்ததா, உறங்க இடமுண்டா என்று கேட்கலாம். மலையுச்சியில் நிற்பவருக்கே மலையின் சரிவு தெரியும். வீட்டில் காத்திருக்கும் நம் அவசரத்தை அவர் வண்டியில் ஏற்றாதிருப்பது நம் கடமை.