கூடவே வரும் நாய்



இந்த வாரம் நான் எடுத்துக்கொண்ட பொருள் உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். கடைக்கும் சந்தைக்கும் நியாயவிலைக் கடைக்கும் போகும்போது நாயைக் கூட அழைத்துச் செல்வதைப் பற்றி எழுதுகிறேன். சபையில் இரண்டு தரப்பாரும் இதைக் குறித்து என்னிடம் பேசிவிட்டார்கள். இரு தரப்பாரும் சற்றுச் சூடாகவே பேசினார்கள். ஒருவரிடம் சொன்னதை மற்றவரிடம் மாற்றிச் சொல்லும் நிலை வராதபடி, எல்லாரும் வாசிக்கும் இடத்தில் எழுதிவைப்பதே நலமென்று கண்டேன்.

முதலில் ஒரு பழைய பயணம். தோபித்து என்னும் நூல் நாம் வாசிக்கும் வேதாகமத்தில் இல்லை. கோட்டாறு மறைமாவட்டத்துக் கத்தோலிக்கச் சகோதரரின் வேதாகமத்தில் இருக்கிறது. 1534-இல் முழு வேதாகமத்தையும் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட மார்ட்டின் லூத்தர், இதைத் தள்ளாகமங்களோடு வைத்து, வேதத்துக்கு நிகரானது அல்லவாயினும் வாசிக்கத் தக்கது என்று கருதினார். கண்பார்வை இழந்த தகப்பனார், மேதியா நாட்டில் ஒருவரிடம் கொடுத்துவைத்திருந்த பத்துத் தாலந்து வெள்ளியை வாங்கிவரும்படி மகன் தோபியாவை அனுப்புகிறார். வழித்துணையாக வருகிறவர் ரபேல் என்னும் தேவதூதர். மகனுக்கு அது தெரியாது. இவ்விருவரோடும் நாயும் புறப்படுகிறது. அந்த நாய்க்குப் பெயரில்லை. அது கள்ளரை விரட்டவில்லை, வழிகாட்டவும் இல்லை. போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை தலைகாட்டுகிறது, அவ்வளவே. தேவதூதரே துணை வரும்போது நாய் எதற்கு என்று எழுதியவர் கேட்கவில்லை. வீட்டுப் பிள்ளை ஒரு காரியமாக வெளியே இறங்கினால் நாயும் இறங்கும் என்பதை விளக்கிச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை போலும்.

மற்ற இடங்களில் வேதம் நாயைப் புகழவில்லை என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. மேவிபோசேத் தாவீதின் முன்னே தன்னைச் செத்த நாய்க்கு ஒப்பிட்டுத் தாழ்த்திக்கொண்டான். யேசபேலின் முடிவு உங்களுக்குத் தெரியும். அங்கெல்லாம் வருபவை பெரும்பாலும் தெருவில் திரிந்து கழிவைத் தின்னும் நாய்கள். ஆனால் மத்தேயு 15-ஆம் அதிகாரத்தில், கானானிய ஸ்திரீயோடு ஆண்டவர் பேசுகையில் வரும் கிரேக்கச் சொல் ‘குனாரியோன்’. சிறு நாயை, வீட்டில் வளரும் நாயைக் குறிப்பது. அந்தத் தாய் அச்சொல்லையே பற்றிக்கொண்டு, மேஜையடியில் இடமுண்டு என்று வாதாடி, தன் மகளுக்குச் சுகம் பெற்றுச் சென்றாள். லூக்கா 16-இல் ஐசுவரியவானின் வாசலில் கிடந்த லாசருவின் பருக்களை நாய்கள் நக்கின. அது ஆறுதலா, அவலத்தின் மேல் அவலமா என்பதில் வியாக்கியானம் செய்வோர் இரு பக்கமாக நிற்கிறார்கள். எப்படியாயினும், அந்த வாசலில் அவனருகே வந்ததாக வேதம் சொல்லுவது அவற்றை மட்டுமே.

நம் காலத்துக்குச் சற்று அருகே வருவோம். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மோரிஸ் ஃபிராங்க் என்னும் வாலிபர் இருந்தார். ஆறு வயதில் ஒரு கண்ணையும் பதினாறு வயதில் மற்றக் கண்ணையும் விபத்துகளில் இழந்தவர். எங்கே போவதானாலும் ஒருவர் கையைப் பிடித்தே போகவேண்டும். போரில் பார்வையிழந்த வீரருக்கு ஜெர்மனியில் நாய்களைப் பழக்கிக் கொடுக்கிறார்கள் என்று டோரதி யூஸ்டிஸ் அம்மையார் 1927 நவம்பரில் எழுதிய கட்டுரையை அவருடைய தகப்பனார் வாசித்துக் காட்டினார். மறு ஆண்டு அவர் கடல் கடந்து சுவிட்சர்லாந்தின் வெவே ஊருக்குப் போய், அங்கே யூஸ்டிஸ் அம்மையாரின் நிலையத்தில் ‘பட்டி’ என்று தாம் பெயரிட்ட நாயோடு நடக்கப் பழகினார். அங்கே ஒருநாள் முடிவெட்டப் போகவேண்டியிருந்தது. யாராவது அழைத்துப் போவார்களா என்று அவர் கேட்க, உன்னிடம் நாய் இருக்கிறதே, நீயே போ என்று விட்டுவிட்டார்கள். போனார், முடிவெட்டிக்கொண்டு திரும்பினார். பிறரைக் காத்திராமல் ஒரு சில்லறை வேலையைத் தாமே முடித்து வந்த அந்த மகிழ்ச்சியை அவர் வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். 1929 ஜனவரியில் வழிகாட்டி நாய்களுக்கான அமெரிக்காவின் முதல் பள்ளி நாஷ்வில்லில் தொடங்கியது. பெரிய பயணங்களை நாம் போற்றுகிறோம். ஆனால் ஒரு மனிதன் தன் காலில் நிற்கிறான் என்பதற்கு அடையாளம் முடிவெட்டும் கடை, பலசரக்குக் கடை, தபால் நிலையம் ஆகிய இந்தச் சிறிய இடங்கள்தாம் என்று நான் எண்ணுகிறேன்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்லுகிறேன் என்றால், நம் சபையிலும் அப்படி ஒரு தாயார் உண்டு. பெயர் வேண்டாம், உங்களுக்குத் தெரியும். மகன் வளைகுடாவில், மகள் சென்னையில். நம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட வீடுகள் எத்தனை என்று எண்ணப் புகுந்தால் ஒவ்வொரு தெருவிலும் நின்று நின்று போகவேண்டும். காலையில் சாளை வாங்கவும், மாலையில் மரச்சீனிக் கிழங்கு வாங்கவும், மாதம் ஒருமுறை அரிசி வாங்கவும் அவர் போவார். செவலை நிற நாட்டு நாயொன்று கூடவே போகும். கடைக்காரர் பாக்கியை எண்ணிக் கொடுக்கும்வரை அது படியருகே உட்கார்ந்திருக்கும். ஞாயிறுதோறும் ஆலய வாசலிலும் அப்படியே. ஒருநாள் நான் அவரிடம், “பாட்டி, ஆராதனை நேரத்திலாவது வீட்டில் விட்டுவரக் கூடாதா?” என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் இது: “ஐயரே, நான் வழியில விழுந்து கிடந்தா எனக்குக் கத்த மூச்சு வராது. இவன் கொரச்சா நாலு பேரு எட்டிப் பாப்பாவ.”

ஆடிச் சாரலில் பாசி பிடித்த கிணற்றடியில் அவர் ஒருமுறை வழுக்கி விழுந்ததையும், அண்டை வீட்டார் எதைக் கேட்டு ஓடிவந்தார்கள் என்பதையும் அறிந்தவர்களுக்கு, அந்தப் பதிலுக்கு மேலே பேச்சில்லை.

மற்றத் தரப்பும் இதே பாரமுள்ளது. நம் ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளை ஒருவனை இரண்டு ஆண்டுகளுக்கு முன் தெருநாய் கடித்தது. காயத்தைச் சுற்றி ஊசி, பின்பு அட்டவணைப்படி முதல் நாள் தொடங்கி மூன்றாம், ஏழாம், இருபத்தெட்டாம் நாட்களில் ஊசி. காயம் ஆறிவிட்டது. இன்றும் அவன் நாயைக் கண்டால் அசையாமல் நின்றுவிடுகிறான். இப்போது ஆலய வாசலில் நாய் படுத்திருப்பதால் அவன் வகுப்புக்கு வருவதில்லை. அவன் தாயார் என்னிடம், “பாட்டிய வரவேண்டாம்னு நான் சொல்லல்ல, ஐயரே. எனக்க பிள்ள எப்பிடி வருவான், அத நீங்க சொல்லுங்க” என்றார்.

அவர்களுடைய பயத்தை வீண்பயம் என்று தள்ளாதீர்கள். ரேபிஸ் நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் உயிர் தப்புவது மிக மிக அரிது. லூயி பாஸ்டர் 1885-இல் கடிபட்ட ஒரு சிறுவனுக்கு முதன்முதல் தடுப்பூசி செலுத்தினார். நம் தேசத்தில் 1900-இல் கசௌலியிலும், தென்னாட்டுக்கு 1907-இல் குன்னூரிலும் அதற்கென நிலையங்கள் எழுந்தன. அதற்கு முன் நம் முன்னோருக்குக் கையில் எதுவுமில்லை. அந்த அச்சம் அவர்கள் வழியாக நமக்குள் இறங்கியிருக்கிறது. இன்று மருந்து உண்டு. நாய் கடித்தாலோ பிராண்டினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்குத் தூரமல்ல. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் காயத்தில் அப்பாதீர்கள்.

நாய் வளர்ப்போருக்குச் சில வார்த்தைகள். “எங்கள் நாய் ஒன்றும் செய்யாது” என்று நீங்கள் எல்லாரும் சொல்லுகிறீர்கள். மெய்யாகவே இருக்கலாம். ஆனால் பயந்து நிற்கிறவனுக்கு வேண்டியது அந்த உறுதிமொழி அல்ல, இடைவெளி. இறைச்சி உண்ணத் தமக்கு உரிமை இருந்தும், பலவீனமான சகோதரனுக்காக அதை விட்டுவிட ஆயத்தமாயிருந்த பவுலை நினைத்துக்கொள்ளுங்கள். முட்டும் மாடு என்று எச்சரிக்கப்பட்டும் அதைக் கட்டிவைக்காதவன்மேல் யாத்திராகமம் 21 பழி சுமத்துகிறது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவும் ஏறத்தாழ அதையே சொல்லுகிறது: வளர்ப்புப் பிராணியால் பிறருக்கு ஆபத்து நேராதபடி காக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

நாயின் பக்கமும் பேசவேண்டும். நமக்கு வியர்ப்பதுபோல் அதற்கு உடலெங்கும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்தே சூட்டை வெளியேற்றும். பங்குனி, சித்திரை வெயிலில் நண்பகலில் வடசேரிச் சந்தைக்கு அதை நடத்திப் போகாதீர்கள். தார்ச்சாலையில் உங்கள் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியாவிட்டால் அதன் பாதத்துக்கும் முடியாது. மார்த்தாண்டத்தில் துணியெடுக்கப் போகிறவர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டு நாயைக் காருக்குள் விட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன். பத்து நிமிடத்தில் உள்ளே பத்துப் பாகை வரை சூடு ஏறிவிடும். கூட்டமான மீன் சந்தைக்குள் அதை இழுத்துச் செல்வதும் அதற்கு உல்லாசமல்ல.

சபைக் கமிட்டியில் பேசி முடித்த ஏற்பாடு இது. வருகிற ஞாயிறு முதல், பிரதான வாசலில் நாய் எதுவும் கட்டப்படாது. மேற்குப் பக்கம், வண்டி நிறுத்தும் இடத்தருகே வேப்பமரத்தடியில் இரும்பு வளையமும் தண்ணீர்த் தொட்டியும் வைத்திருக்கிறோம். மூன்றடிக் கயிறு போதும். மூன்று மாதக் குட்டி முதல் ரேபிஸ் தடுப்பூசி போட்டு, ஆண்டுதோறும் புதுப்பித்த அட்டையை ஒருமுறை ஆலய அலுவலகத்தில் காட்டிவிடுங்கள். ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகள் கிழக்கு வாசல் வழியாக வரலாம். அங்கிருந்து பார்த்தால் வேப்பமரம் தெரியாது. பாட்டியின் வீட்டுக்கு வியாழன் மாலையில் நானே போய் இதைச் சொல்லியிருக்கிறேன். வாசலிலிருந்து மரம்வரை அவர் கையைப் பிடித்து நடத்திவர வாலிபர் சங்கத்தில் இருவர் வேண்டும். நாய்க்குப் பயப்படாதவர்கள் பெயர் கொடுங்கள்.