தவிலுக்கு ஒரு காலேஜ், கணக்குக்கு ஒரு காலேஜ்

போன பதிவுல குறுவை நாத்தங்கால் பத்தி எழுதி, மீதிய அடுத்த வாரம் சொல்றேன்னேன். சொல்ல முடியல. ஒரு மாசமா வீட்ல வேற பேச்சு.

சின்னவன் பிளஸ் டூ முடிச்சிட்டான். காமர்ஸ் குரூப், 600க்கு 487. மார்க்குல குறை இல்ல. ஆனா அவன் பி.காமும் படிக்கணும்கிறான், தவிலும் படிக்கணும்கிறான்.

பட்டணத்துல தவில கல்யாணத்துல மட்டும்தான் பார்த்திருப்பீங்க. பலா மரத்தக் குடைஞ்சு செய்யறது, பத்து கிலோவுக்கு மேல கனக்கும். வலது கை விரல்கள்ல கூடு மாட்டிக்கிட்டு அடிக்கணும், இடது கையில குச்சி. எங்க ஊர் கோயில் தவில்காரர்கிட்ட ஏழாவதுலேர்ந்து கத்துக்கிறான். வீட்ல வாசிச்சா அடுத்த வீட்டுக் கைப்புள்ள அலறும்னு மோட்டார் கொட்டகையிலதான் சாதகம். வரப்பு வெட்டிக்கிட்டே கேட்டுக் கேட்டு, எந்த எடத்துல தப்புறான்னு எனக்கே தெரியும்.

மச்சான் வந்தவரு, "என்ன மாமா, பன்னண்டு வருஷம் படிக்க வச்சு மேளக்காரனாக்கப் போறீங்களா?"ன்னு கேட்டாரு. பதில் சொல்லாம இருந்துட்டேன். எனக்கும் உள்ளுக்குள்ள அந்த நெனப்பு கொஞ்சம் இருந்துச்சு, ஏன் மறைக்கணும்? அத வெளியில நின்னு பையன் கேட்டுட்டான். ரெண்டு நாள் கொட்டகைப் பக்கம் சத்தமே இல்ல.

மூணாம் நாள் நானே, "வாடா, காலேஜ் பார்த்துட்டு வருவோம்"னேன்.

மொதல்ல ஒரு தனியார் காலேஜ். "எல்லாத் திறமைக்கும் எடம் உண்டு சார்"னு சொல்லி ஒரு ரூமக் காட்டினாங்க. கீபோர்டு, டிரம்ஸ், ரெண்டு கிடார். தவில்னதும், "ஆண்டு விழாவுக்கு வாசிக்கலாமே"ன்னாங்க. செமஸ்டர் பீஸக் கேட்டுட்டு மோர் குடிச்சிட்டு வந்துட்டோம்.

எங்க ஊரு கபிஸ்தலம் பக்கம். கிழக்க போற பஸ்ஸுல ஏறினா கும்பகோணம், மேற்க போற பஸ்ஸுல ஏறினா திருவையாறு. கும்பகோணத்துல 1854 ல ஆரம்பிச்ச அரசு கலைக் கல்லூரி. திருவையாத்துல அரசு இசைக் கல்லூரி, தவிலே மெயினா எடுத்துப் படிக்கலாம். கணக்கு கிழக்க, தவில் மேற்க, நடுவுல எங்க வீடு. ஒரே பகல்ல ரெண்டுக்கும் எப்படிப் போறது?

திருவாரூர்ல மாவட்ட இசைப்பள்ளியும் இருக்கு. அங்க தவில், நாதஸ்வரம், தேவாரத்துக்கெல்லாம் தமிழ் எழுதப் படிக்கத் தெரிஞ்சாலே சேத்துக்குவாங்க. ஆனா தெனம் போய்வர தூரம்.

"பி.காம் கும்பகோணத்துல படிக்கட்டுங்க, சாயங்காலம் ஆசான்கிட்ட கத்துக்கட்டும், இப்பயும் அப்படித்தானே"ன்னா என் வீட்டுக்காரி. எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு. கும்பகோணம் காலேஜ் பேரு வந்ததும் ராமானுஜன் நெனப்பு வேற. அங்க படிக்கிறப்ப கணக்குலயே கிடந்து மத்த பாடத்துல தவறி, ஸ்காலர்ஷிப்ப விட்டவரு அவரு. ஒண்ணுலயே கிடந்தா என்னாகும்னு பையனுக்கு அந்தக் கதையச் சொன்னேன். "அப்பா, அவரு கடைசியில என்னவா ஆனாரு?"ன்னு கேட்டான். வாய மூடிக்கிட்டேன்.

ஆசான்கிட்ட போனோம். அவருக்கு எழுபது வயசு. திண்ணையில உக்கார வச்சு ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாரு.

"தம்பி, கணக்குப் புஸ்தகத்த ராத்திரி பத்து மணிக்குக்கூடத் தொறக்கலாம். தவில அப்ப எடுத்தா ஊரு சும்மா விடுமா? பகல் தவிலுக்கு, ராத்திரி கணக்குக்கு. மாத்தி வச்சீங்கன்னா ரெண்டு வருஷத்துல கை போயிடும்."

அவரே இன்னொண்ணும் எச்சரிச்சாரு. தை, வைகாசி, ஆவணின்னு முகூர்த்தம் வந்தா கச்சேரிக்குக் கூப்புடுவாங்க, கையில காசு பார்த்துட்டா பரீட்சை மறந்துடும், அப்படிப் படிப்ப விட்டவங்க நெறைய பேராம். நான் வேற ஒண்ண யோசிச்சேன். தை மாசம் எங்களுக்கு சம்பா அறுப்பு. அவன் மண்டபத்துல நின்னா களத்துல யாரு நிப்பா? ஆடியில அவனுக்கு ஓய்வு, எங்களுக்கு வேலை. பாதிதான் ஒத்துப் போகுது.

மக எங்கேயோ விசாரிச்சுச் சொன்னா: 2022 லயே யு.ஜி.சி. ஒரே நேரத்துல ரெண்டு படிப்பு படிக்கலாம்னு சொல்லிடுச்சாம். ரெண்டுமே நேர்ல போறதுன்னா வகுப்பு நேரம் மோதக் கூடாது; இல்லன்னா ஒண்ண தொலைதூரக் கல்வியில படிக்கலாம். அப்புறம் என்ன, திருவையாத்துல தவில், தபால்ல பி.காம்னு முடிவு பண்ணிட்டோம்.

வீட்டுக்காரிக்கு இன்னும் மனசு ஆறல. "தபால்ல படிச்சவனுக்கு யாருங்க வேலை தருவா?"ங்கிறா. அவ கேக்கறதுல தப்பில்ல. ராத்திரி அவன் பக்கத்துல உக்காந்து நானும் சொசைட்டிக் கடன் கணக்க எழுதுறேன், தூங்க விட மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்.

நேத்து இசைக் கல்லூரியில விண்ணப்பம் குடுத்துட்டு வந்தோம். வாசிச்சுக் காட்டச் சொல்வாங்களோன்னு தவிலயும் தூக்கிட்டுப் போயிருந்தான். வர்ற பஸ்ஸுல கண்டக்டர் லக்கேஜ் போட்டாரு. தெனம் இதத் தூக்கிட்டு வந்தா என்ன ஆகும்னு நான் கணக்குப் போட, இவன் மடியில வச்சிக்கிட்டு கபிஸ்தலம் வரைக்கும் விரலால தட்டிக்கிட்டே வந்தான்.

நாத்துக்குப் பதினெட்டு நாள் ஆச்சு. நடவுக்கு ஆள் சொல்லணும். அந்த மீதிய அடுத்த வாரம் எழுதறேன்.