சடங்கன்பாடி

தரங்கம்பாடியைப் பற்றி எழுதப் புகும் எவரும் முதல் வரியிலேயே ‘அலைகள் பாடும் ஊர்’ என்று எழுதிவிடுவர். சுற்றுலாக் கையேடு, செய்தித்தாள் இணைப்பு, விடுதி விளம்பரம் எதுவாயினும் இதில் மாற்றமில்லை. பிறரைக் குறை சொல்வானேன்? பல ஆண்டுகள் வகுப்பறையில் நாமும் அதையே சொல்லிவந்தோம். தரங்கம் என்றால் அலை, பாடி என்றால் பாடுவது, ஆக அலை பாடும் ஊர். ஊர்ப்பெயராய்வு குறித்த பாடத்திற்கு இதைவிடச் சுவையான எடுத்துக்காட்டு வேறேது என்பது நம் எண்ணம்.

2013இன் தொடக்கத்தில் இளங்கலை மாணவர் முப்பது பேருடன் ஒருநாள் பயணமாக அங்கே சென்றோம். மயிலாடுதுறையிலிருந்து பேருந்து. 1926இல் திறந்த ரயில்பாதை ஒன்று அவ்வூர்வரை இருந்தது. 1980களில் அதை நிறுத்திவிட்டார்கள். இருந்திருந்தால் மாணவர்களுக்குக் கொண்டாட்டமாக இருந்திருக்கும்.

1792இல் கட்டிய வெள்ளை வாயிலுக்குள் நுழைந்து ராஜவீதி வழியே கோட்டையை அடைந்ததும் நம் உரை தொடங்கியது. 1620இல் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனின் கப்பற்படைத் தலைவர் ஓவே கெட்டே, தஞ்சை ரகுநாத நாயக்கரோடு செய்துகொண்ட உடன்படிக்கை, அதையொட்டித் தங்க ஓலையில் எழுதப்பட்டு இன்றும் கோபன்ஹேகன் ஆவணக்காப்பகத்தில் இருக்கும் தமிழ்க் கடிதம், டேன்ஸ்போர்க் கோட்டை, 1845இல் இவ்வூரும் வங்கத்துச் செராம்பூரும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயர் கைக்கு மாறிய கதை, நாகப்பட்டினத்திற்கு ரயில் வந்தபின் 1860களில் வணிகம் அங்கே நகர்ந்துவிட, இத்துறைமுகம் தூங்கிப்போனது. அப்படித் தூங்கிப்போனதால்தான் பழைய வீடுகள் இடிபடாமல் நின்றன, விடுமுறைக்கு வருவோர் பார்க்க ஏதோ மிஞ்சியது என்று நாம் சொல்வது வழக்கம். மிளகும் துணியும் ஏற்றிய டேனியக் கப்பல்களில் 17ஆம் நூற்றாண்டில் அடிமைகளாக விலைபோன மனிதரும் ஏற்றப்பட்டதை அன்று நாம் சொல்லவில்லை. உல்லாசப் பயணத்தில் அது எதற்கு என்று தோன்றியிருக்கலாம்.

பின் கோட்டைக்கு வடக்கே, மாசிலாமணிநாதர் கோயிலருகே மணலில் அமர்ந்தோம். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகரபாண்டியன் காலத்தில் எழுந்த கோயில். அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. கடல்கோள் என்றவுடன் நம் வகுப்பறைகளில் குமரிக்கண்டத்தைப் பற்றி ஒருமணிநேரம் பேசுவோம். கண்ணெதிரே கல் கல்லாகக் கடல் தின்றுகொண்டிருந்த கோயிலைப் பற்றி ஒருமுறையும் பேசியதில்லை. அன்றும் பேசவில்லை. அலை பாடும் ஊர் என்று நம் விளக்கத்தைத் தொடங்கினோம்.

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தார். பக்கத்து மீனவக் குப்பம் ஒன்றைச் சேர்ந்தவர். வகுப்பில் அதிகம் பேசாதவர்.

“ஐயா, அப்ப வாணியம்பாடியில யாரு பாடுறாங்க?”

எல்லோரும் சிரித்தனர். நாமும் சிரித்தோம், வேறு வழி? பாடி என்பது குடியிருப்பு. ஆயர்பாடியில் எவரும் பாடவில்லை; ஆயர் குடியிருந்தனர். முதலாண்டு மாணவனுக்குத் தெரிய வேண்டிய செய்தி. முதுகலைப் பட்டமும் பல்லாண்டுப் பணியும் உடைய நமக்கு அது அதுவரை உறைக்கவேயில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்வதில் வெட்கம் இருக்கத்தான் செய்கிறது. போதாக்குறைக்கு, நாம் எந்தக் கோயிலுக்கருகே அமர்ந்திருந்தோமோ அதே கோயிலின் கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் சொல்கிறது. டேனியர் வந்தபோது தரங்கம்பாடி என்ற பெயர் வழக்கில் இருந்தது. டிராங்குபார் அதன் திரிபே. சடங்கன் எப்படித் தரங்கம் ஆனான்? வடமொழி கற்ற எவரோ செவிக்கு இனிதாகத் திருத்தியிருக்கலாம் என்பது நம் ஊகம். எவ்வாறாயினும் அலைகளைப் பாடவைத்தவர் பிற்காலத்தவரே.

அம்மாணவி உட்காரவில்லை. “எங்க பக்கம் அலை பாடுதுன்னு யாரும் சொல்லமாட்டாங்க ஐயா. சத்தம் மாறுதான்னுதான் கேப்பாங்க” என்றார். அதன்பின் அமர்ந்துகொண்டார்.

திரும்பும் வழியில் அவருடைய தோழி ஒருவர் நம் இருக்கைக்கு வந்து மெதுவாகச் சொன்னார். 2004 டிசம்பர் 26 அன்று அவர் ஏழாம் வகுப்பு மாணவி. தம்பியைக் கையில் பிடித்தபடி ஓடியிருக்கிறார், கை நழுவிவிட்டது. அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் இறந்தோர் ஆறாயிரத்துக்கும் மேல் என்று நாமும் படித்திருந்தோம். அந்த எண்ணிக்கையில் ஒருவருடைய அக்கா இரண்டரை ஆண்டுகளாக நம் வகுப்பில் அமர்ந்து, அலை பாடுவதைப் பற்றிய நம் விளக்கத்தைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.

மறுவாரம் சீகன்பால்கு பற்றிய பாடம். 1706இல் இக்கரையில் இறங்கிய அந்த ஜெர்மானியர் திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பழகியதும், 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்ததும் எல்லோரும் அறிந்தவை. நமக்கு அவரிடம் பிடித்தது வேறொன்று. உள்ளூர் மக்களிடம் கடிதம் வழியே கேள்விகள் கேட்டு, அவர்கள் சொன்ன விடைகளைத் தொகுத்தார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713இல் எழுதி அனுப்பிய நூலை மேலிடத்தார் விரும்பவில்லை. அது அச்சேற 1867 ஆயிற்று. சமயம் பரப்ப வந்தவர், அதில் ஐயமில்லை. ஆயினும் கேட்டார். இதை வகுப்பில் சொல்லும்போது பின்வரிசையைப் பார்க்க நமக்குத் துணிவு வரவில்லை.

அதன்பின் ஊர் மாறிவிட்டது. 2020 டிசம்பரில் பிறந்த மயிலாடுதுறை மாவட்டத்தில் சேர்ந்தது. ஆங்கிலேயக் கலெக்டர் இருந்த மாளிகை முன்பே விடுதியாகியிருந்தது. ஆளுநர் மாளிகையும் சீரமைக்கப்பட்டது. ஓசோன் காற்று நிறைந்த கடற்கரை என்றொரு பேச்சும் சேர்ந்துகொண்டது. (காற்றில் ஓசோன் மிகுவது நுரையீரலுக்கு நல்லதன்று என்று அறிவியல் துறை நண்பர் தலையில் அடித்துக்கொள்கிறார்.) மாசிலாமணிநாதருக்கும் திருப்பணி நடந்தது. வருவோர் கோட்டையில் படமெடுத்துக்கொண்டு, சிப்பிச் சரம் வாங்கிக்கொண்டு போகின்றனர். அதில் தவறொன்றும் இல்லை. கடந்த கோடை விடுமுறையில் குடும்பத்தோடு சென்று நாமும் வாங்கினோம்.

அன்றிரவு விடுதியில் சரியாகத் தூக்கமில்லை. விடிந்ததும் கரையோரம் நடந்தோம். முதியவர் ஒருவர் வலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். சற்றுநேரம் பேசியபின், “ஐயா, சடங்கன்னு ஒருத்தரைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கீங்களா?” என்று கேட்டோம்.

ஊசியை நிறுத்தி யோசித்தார்.

“எந்தத் தெரு?”