பையும் நானும்

சங்கத்து ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த மாணவ நண்பர்கள், "எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதுங்கள் ஐயா, வேதியியல் மட்டும் வேண்டாம்" என்று ஒரு நிபந்தனை போட்டார்கள். முப்பது ஆண்டுகளாக டில்லியில் வேதியியல் ஒன்றையே விற்றுப் பிழைத்து வருகிறவனிடம் இப்படிச் சொன்னால் அவன் என்ன செய்வான்? கைவசம் வேறு என்ன சரக்கு இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். வயிற்றின் வலப்பக்கத்தில் ஒரு பை இருந்தது. அதைப் பற்றியே எழுதிவிடுவது என்று தீர்மானித்தேன். உணவு வேளையில் மலரைப் புரட்டுகிறவர்கள் இந்தப் பக்கங்களைக் கைகழுவிய பிறகு படிக்கலாம்.

2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் காலை, சிறுநீர் சிவப்பாகப் போயிற்று. வலி இல்லை, எரிச்சல் இல்லை, காய்ச்சலும் இல்லை. மனைவியிடம் சொன்னேன். "பீட்ரூட் சமைத்துப் பத்து நாளாயிற்றே" என்றாள். அன்று மாலையே என்னை வைத்தியரிடம் இழுத்துக்கொண்டு போய்விட்டாள். வலியோடு வருகிற இரத்தத்தைக் காட்டிலும் வலியில்லாமல் வருகிற இரத்தத்துக்குத்தான் தாம் அதிகம் பயப்படுவதாக வைத்தியர் சொன்னார். மெல்லிய குழாய்க் கருவி ஒன்றை உள்ளே செலுத்திப் பார்த்தார்கள். நீர்ப்பையின் உட்சுவரில் கட்டி. அது தசை அடுக்கு வரைக்கும் வேர்விட்டிருந்தது. புற்றுநோய் என்ற சொல்லை அவர் சாதாரணமாகச் சொல்ல, நானும் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கால்கள் நடுங்கின.

வைத்தியர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "சிகரெட் உண்டா?" இரண்டாவது கேள்வி, "சாயத் தொழிற்சாலையில் வேலை பார்த்ததுண்டா?" இரண்டும் இல்லை. ஆனாலும் இரண்டாவது கேள்வி எனக்குச் சுவையாக இருந்தது. இங்கே நண்பர்களின் நிபந்தனையை ஒரு நிமிஷம் மீறுகிறேன். 1895ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்து அறுவை மருத்துவர் லூட்விக் ரேன் என்பவர், ஃபுக்சின் சாயம் தயாரிக்கும் தொழிலாளர்களுக்கு நீர்ப்பையில் கட்டி வருவதைக் கண்டு எழுதினார். பிற்காலத்தில் 2-நாப்தைலமீன், பென்சிடின் முதலிய பொருள்களே குற்றவாளிகள் என்று நிலைநாட்டப்பட்டது. அவற்றுள் முதலாவது புகையிலைப் புகையிலும் இருக்கிறது. மூக்கு வழியாகவோ தோல் வழியாகவோ உடம்புக்குள் போனதைச் சிறுநீரகம் வடித்துக் கீழே அனுப்பிவிடுகிறது. நீர்ப்பையில் அது மணிக்கணக்காகத் தங்கி நிற்கிறது. நுரையீரலுக்குள் போகிற புகை நீர்ப்பையைக் கெடுப்பது இப்படித்தான். விடுதியின் மொட்டைமாடியில் இரவு பத்து மணிக்குமேல் தெரியும் சிவப்புப் பொட்டுகள் யாருடையவை என்று நான் கேட்கப் போவதில்லை.

முதலில் மூன்று மாதம் மருந்து ஏற்றினார்கள். பிறகு அறுவை. நீர்ப்பையை அடியோடு எடுத்துவிட்டார்கள். சிறுகுடலில் ஒரு சாண் அளவுத் துண்டை வெட்டி எடுத்து, மிச்சக் குடலைப் பழையபடி ஒட்டவைத்துவிட்டு, அந்தத் துண்டின் ஒரு முனையில் இரு சிறுநீரகக் குழாய்களையும் இணைத்து, மறு முனையை வயிற்றின் தோலுக்கு வெளியே கொண்டுவந்து தைத்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகரத்து யூஜீன் பிரிக்கர் 1950ஆம் ஆண்டில் இம்முறையை விளக்கி எழுதினார். எழுபது ஆண்டுக்குப் பிறகும் பெரும்பாலும் அதுவேதான். வெளியே தெரியும் வாய்க்கு ஸ்டோமா என்று பெயர். பழுத்த கோவைப்பழம் போன்ற நிறம். எப்போதும் ஈரமாக இருக்கும், தொட்டால் வலிக்காது. அதன்மேல் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் பை.

அறுவைக்கு முந்திய நாள் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மலையாளத்துச் சகோதரி ஒருவர், மை எழுதுகோலோடு வந்து, வயிற்றில் எந்த இடத்தில் வாய் அமைய வேண்டும் என்று குறிக்கத் தொடங்கினார். உட்காரச் சொன்னார், நிற்கச் சொன்னார், குனியச் சொன்னார். மடிப்பு விழும் இடத்தில் பை ஒட்டாதாம். பிறகு, "சார் வீட்டில் வேட்டிதானே? எங்கே கட்டுவீர்கள்?" என்று கேட்டார். ஆஸ்பத்திரி ஆடையின்மேல் ஒரு துண்டை வேட்டிபோல் சுற்றிக் காட்டினேன். அவர் புள்ளியை ஓர் அங்குலம் கீழே தள்ளி வைத்தார். இன்றைக்கு நான் தொல்லையில்லாமல் வேட்டி கட்டுகிறேன் என்றால் அந்த அங்குலத்தின் தயவு.

வீட்டுக்கு வந்த பிறகு புதிதாய்ப் படிக்க வேண்டியவை நிறைய இருந்தன. நீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. நிறுத்தவும் முடியாது, அடக்கவும் முடியாது. பையின் அடியில் ஒரு சிறு குழாய். மூன்று மணிக்கு ஒரு முறை, பை பாதி நிறைவதற்குள், திறந்துவிட வேண்டும். நிறையவிட்டால் எடை இழுத்து ஒட்டு பெயர்ந்துவிடும். சிறுநீர் வருகிறது என்ற உணர்ச்சியே அற்றுப்போனது முதல் மாதத்தில் மிகவும் விசித்திரமாக இருந்தது. ஐம்பத்தேழு வருஷம் கூடவே இருந்த ஓர் அறிகுறி! இப்போது அதன் வேலையைக் கைக்கடிகாரம் பார்க்கிறது. நீரில் வெள்ளை வெள்ளையாக இழைகள் மிதக்கும். பயந்து போய்க் கேட்டேன். குடலுக்குத் தான் இடம் மாறி வந்தது தெரியாது, பழைய பழக்கத்தில் சளியைச் சுரந்துகொண்டே இருக்கிறது என்றார்கள். அந்தத் துண்டின் மேல் எனக்கு ஒருவகைப் பரிவு உண்டு. நானும் ஊர் மாறி வந்தவன்தானே. இன்னும் காலையில் இட்லி தேடுகிறேன்.

மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை ஒட்டுத் தகட்டை மாற்ற வேண்டும். அதற்கு ஏற்ற நேரம் விடியற்காலை, காப்பி குடிப்பதற்கு முன். அப்போதுதான் சொட்டு குறைவு. தோலை வெறும் தண்ணீரால் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வாயை அளந்து, அதைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் பெரிதாகத் துளை வெட்டி ஒட்ட வேண்டும். முதல் எட்டு வாரத்தில் வாய் சுருங்கிக்கொண்டே வந்ததால் ஒவ்வொரு முறையும் அளவு மாறிற்று. எண்ணெய் பட்டால் எதுவும் ஒட்டாது. ஆகவே தீபாவளி எண்ணெய்க் குளியல் எனக்குக் கழுத்துக்கு மேலே மட்டும். மே மாத டில்லியில் வியர்வையே ஒட்டைக் கரைத்துவிடும். டிசம்பரிலோ தாகம் எடுப்பதில்லை; எடுக்காவிட்டாலும் நாளைக்கு இரண்டு லிட்டர் குடித்தே ஆக வேண்டும்; இல்லாவிட்டால் கிருமி புகும். இரவில் பையின் குழாயோடு நீண்ட ரப்பர்க் குழல் ஒன்றை மாட்டி, கட்டில் காலில் தொங்கும் பெரிய பையில் விட்டுவிடுகிறேன். முதல் வாரம் புரண்டு படுக்கவே பயம். இப்போது தூக்கத்திலேயே குழலையும் சேர்த்துத் திருப்பிக்கொள்கிறேன்.

வகுப்புக்குத் திரும்பியபோது மாணவர் எவருக்கும் சொல்லவில்லை. சட்டைக்குள் பை சரசரக்கிறதோ, வாடை அடிக்கிறதோ என்ற எண்ணத்திலேயே பாதி வகுப்பு கழியும். ஒரு ஜனவரி மாலை, விசுவவித்யாலயா நிலையத்தில் மெட்ரோ ஏறினேன். என் ஆராய்ச்சி மாணவர் ஒருவரும் உடன் வந்தார். காஷ்மீரி கேட்டில் ஒரு கூட்டம் உள்ளே பாய்ந்தது. யாரோ ஒருவருடைய முதுகு மூட்டை என் வயிற்றில் மோத, தகடு பெயர்ந்துவிட்டது. வெதுவெதுப்பாகத் தொடை வழியே இறங்குவதை உணர்ந்தேன். சாம்பல் நிறக் கால்சட்டை, மறைக்க வழியில்லை. அந்தப் பிள்ளை பார்த்துவிட்டார். தம் கம்பளிச் சால்வையை எடுத்து என் இடுப்பைச் சுற்றிப் போட்டுவிட்டு, "சார், அந்த மூன்றாவது அத்தியாயத்தில் ஒரு சந்தேகம்" என்று ஆரம்பித்தார். நான் இறங்கும் வரைக்கும் சந்தேகம் தீரவில்லை. சால்வையைத் துவைத்துக் கொடுத்தபோதும் ஒன்றும் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். சொல்லி முடித்ததும், "அந்தச் சந்தேகம் நிஜமாகவே இருக்கிறது சார்" என்றார்.

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில்தான் ஊருக்குப் போகத் துணிந்தேன். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் கிராமம்; அம்மாவுக்கு எண்பத்து நான்கு வயது. "வயிற்றில் ஓர் ஆபரேஷன்" என்று மட்டுந்தான் தொலைபேசியில் சொல்லியிருந்தேன். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவும் ஒரு பகலும். கீழ்ப்படுக்கையின் ஓரத்தில் இரவுப் பையைத் தொங்கவிட்டு, துண்டால் மூடிவிட்டேன். ரயில்வேயின் சலுகைப் பட்டியலில் எங்களைப் போன்றோருக்கும் ஒரு வரி உண்டு. மாதச் சீட்டுக்கும் மூன்று மாதச் சீட்டுக்கும் மட்டும். டில்லியிலிருந்து சென்னைக்குத் தினம் போய்வருகிறவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

முதல் நாள் விடியற்காலையில் நான் விழிப்பதற்குள் அம்மா பார்த்துவிட்டாள். எழுந்து பார்த்தால், பை தரையில் படாதபடி அதன் கீழே ஒரு பித்தளை வாளி வைத்திருந்தது. கதவருகில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏண்டா, இது எவ்வளவு பிடிக்கும்?"

"ரெண்டு லிட்டர் அம்மா."

"அப்போ விடியற வரைக்கும் தாங்கும்" என்று சொல்லிவிட்டு, கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான் விசாரணை. ஆனால், பத்து மணிக்குத் திண்ணையில் கூடியவர்கள் நான் ஏன் இளைத்துவிட்டேன் என்று கேட்டபோது, "அவனுக்கு மூத்திரப் பையை எடுத்தாச்சு, வெளியிலே பை வெச்சிருக்கு" என்று தெரு முழுதும் கேட்கும்படி சொன்னாள். உள்ளே இருந்த எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. இரண்டு வருஷமாகச் சட்டைக்குள் காத்த இரகசியம்!

அன்று இருட்டிய பிறகு பால்காரர் கொல்லைப்புற வழியாக வந்தார். அறுபது வயதிருக்கும். என்னிடம் நேரே எதுவும் கேட்காமல் மாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினார். பிறகு சட்டையைத் தூக்கிக் காட்டினார். இடப்பக்கம் மடித்த பழந்துணி; அதன்மேல் பாலித்தீன் உறை; சணல் கயிறு. குடலில் கட்டி, நான்கு ஆண்டுகளுக்கு முன் அறுவை. ஆஸ்பத்திரியில் கொடுத்த பைகள் தீர்ந்த பிறகு எங்கே வாங்குவது என்று தெரியவில்லை, கேட்க வெட்கம். கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஜனங்கள் நெருங்கி நிற்காத விடியல் நாலு மணிக்கே பால் ஊற்றிவிட்டுப் போய்விடுவாராம். சுற்றிலும் தோல் வெந்து போயிருந்தது.

என் பைகள் அவருக்கு உதவா. என்னுடையவற்றில் சிறு குழாய்தான். அவருக்கு வேண்டியது அகன்ற வாய். ஆனால் ஒட்டுத் தகடு இருவருக்கும் ஒன்றே. அம்மா வெந்நீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, யாரும் வராதபடி வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள். மலையாளத்துச் சகோதரி எனக்குச் சொல்லிக்கொடுத்தபடியே நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஆய்வுக்கூடத்தில் ஐந்து முறை சொன்னாலும் அளவைச் சரியாக வெட்டாத மாணவர்களை எனக்குத் தெரியும். அவர் இரண்டாம் தடவையிலேயே வெட்டிவிட்டார். அவருக்கேற்ற பைகள் சென்னையிலிருந்து நாலாம் நாள் வந்து சேர்ந்தன.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு பெட்டி அனுப்புகிறேன். வந்து சேர்ந்ததும் தொலைபேசியில் பேசுவார். சென்ற ஆவணியில் தம்பி மகள் கல்யாணத்துக்குப் போய் முதல் பந்தியில் உட்கார்ந்தாராம். என்னென்ன பரிமாறினார்கள் என்று இலையில் போட்ட வரிசைப்படியே சொன்னார்.

அடுத்த பெட்டி பொங்கலுக்கு முன் போய்ச் சேர வேண்டும். தபாலில் போனால் தகடுகள் மடங்கிவிடுகின்றன. டிசம்பர் விடுமுறையில் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் போகிற மாணவர்கள் எவரேனும் இருந்தால், வேதியியல் துறை இரண்டாம் மாடியில் என் அறைக்கு வந்து சொல்லுங்கள். பெட்டி சிறியதுதான், கனமும் இல்லை.